தமாக்சிஃபெனோடு மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
மஞ்சளில் உள்ள குர்குமின் மார்பகப் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. ஆய்வகத்தில் வளர்க்கும் மார்பகப் புற்றுச் செல் வகைகளான எம்சிஎஃப்-7இலும் பார்த்தாயிற்று, எம்டிஏ-எம்பி-231இலும் பார்த்தாயிற்று. அத்தைக்கு மார்பகப் புற்று அறுவை முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை கொடுக்கிறார்கள். கூடவே மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் மாத்திரையும் வாங்கித் தரப்போகிறேன். நம் அஞ்சறைப்பெட்டிப் பொருள்தானே, என்ன கெட்டுவிடும்?

ஆய்வகவாசி:
ஆய்வகத் தட்டில் எவ்வளவு குர்குமின் ஊற்றியபோது அந்தச் செல்கள் செத்தன என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்திலேயே 2 மைக்ரோமோலார்கூடத் தேறவில்லை. குடலும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

ஈரோட்டுக்காரன்:
அதற்குத்தானே மிளகு! மிளகுச் சத்தான பைப்பெரினைச் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இலேயே பெங்களூரில் காட்டிவிட்டார்கள். செடிகொடி என்றாலே உங்களுக்கு இளக்காரம். நீங்கள் நரம்பில் ஏற்றும் புற்று மருந்து பக்லிடாக்செல் எங்கிருந்து வந்தது? யூ மரத்துப் பட்டைதானே?

ஆய்வகவாசி:
சரி, அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். பட்டையைச் சேகரித்தது 1962. மூலக்கூறின் அமைப்பு தெரிந்தது 1971. மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி 1994. பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்து யாரும் பிழைக்கவில்லை ஐயா.

கீமோ அக்கா:
நான் குர்குமினுக்கு எதிரியில்லை. ஆர்மீனியாவில் நோய் பரவிய 150 பெண்களுக்குப் பக்லிடாக்செலோடு குர்குமினையோ வெற்று மருந்தையோ கொடுத்துப் பார்த்தார்கள். குர்குமின் பெற்றவர்களில் கூடுதல் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் கொடுத்தது நரம்பு வழியாக, மாத்திரையாக இல்லை. என் கவலை தம்பி சொன்ன அந்த மிளகுச் சத்துதான். மருந்துகளை மாற்றும் ஈரல் நொதிகளில் அது கைவைக்கும். தமாக்சிஃபென் அந்த நொதிகளால் உடலில் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாறினால்தான் நன்றாக வேலை செய்யும். 2019இல் நெதர்லாந்தில் தமாக்சிஃபென் எடுக்கும் 16 பேரிடம் அளந்தார்கள்: குர்குமின் மட்டும் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 8% குறைந்தது, பைப்பெரினும் சேர்ந்தபோது 12%.

ஈரோட்டுக்காரன்:
12 சதவீதம் பெரிய விஷயமா அக்கா?

கீமோ அக்கா:
எல்லோருக்கும் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே தமாக்சிஃபெனை மாற்றும் நொதி மந்தம்; எண்டாக்சிஃபென் தேவையான அளவை ஒட்டித்தான் நிற்கும். அத்தை எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஈரோட்டுக்காரன்:
தெரியாது. வாங்கிய டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அப்படியே காட்டுகிறேன். அப்போ மிளகு ரசம்?

ஆய்வகவாசி:
ரசத்தை யார் நிறுத்தச் சொன்னது!