ஊர்ப்பெயரின் ஒலிப்பை முடிவு செய்பவர் யார்?

வழித்துணை:
இங்கிலாந்தில் எழுத்துக்கூட்டினால் 'லெய்செஸ்டர்' என்று வரும் நகரத்தை அங்கு வாழ்பவர்கள் 'லெஸ்டர்' என்கின்றனர். 'வொர்செஸ்டர்' அவர்கள் வாயில் 'வூஸ்டர்'. நார்ஃபோக் கடற்கரையில் 'ஹாப்பிஸ்பர்க்' என்று படிக்கத் தோன்றும் சிற்றூரோ 'ஹேஸ்பரோ' ஆகிவிடுகிறது. இவற்றை எழுதியபடியே உச்சரித்துவிட்டு, யாரேனும் திருத்தினால் "எப்படிச் சொன்னால் என்ன?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஊரின் பெயர் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவ்வூராரே முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தெண்ணி:
மறுக்கிறேன். அந்த 'செஸ்டர்' என்னும் ஈறு, பாசறையைக் குறிக்கும் 'காஸ்ட்ரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய ஆங்கிலம் வழியாக வந்தது. பேச்சு அதைத் தேய்த்துக்கொண்டே போக, எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எழுதியபடி படிப்பவர் பிழை செய்யவில்லை. பழைய வடிவத்தை நம்பி ஏமாறுகிறார், அவ்வளவுதான். மேலும், ஊரார் சொல்வதே சரி என்றால், அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ளவர்கள் பிரான்சின் 'வெர்சாய்' என்ற பெயரை எடுத்து 'வெர்சேல்ஸ்' என்பதையும், இல்லினாய்ஸில் உள்ளவர்கள் எகிப்தின் கெய்ரோவைக் 'கேரோ' ஆக்கியதையும் என்னவென்று சொல்வீர்கள்? வெளியூர்ப் பெயரைத் தவறாகச் சொன்னவர்களே அங்கு ஊரார்!

வழித்துணை:
குடிபெயர்ந்த பெயர் குடியேறிய இடத்துக்கே சொந்தம். டெக்சாஸ் நகரம் 'ஹியூஸ்டன்'. நியூயார்க்கில் அதே எழுத்துகளில் எழுதப்படும் தெருவோ 'ஹௌஸ்டன்'. முன்னது சாம் ஹியூஸ்டனின் பெயரால் அமைந்தது, பின்னது வில்லியம் ஹௌஸ்டனின் பெயரால் அமைந்தது. நியூயார்க்கில் நின்று 'ஹியூஸ்டன் தெரு' என்பவர் ஒலியை மட்டுமா மாற்றுகிறார்? ஆளையே மாற்றிவிடுகிறார்.

எழுத்தெண்ணி:
ஹௌஸ்டன் தெருவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஊரார்' என்று ஒரே குரலாகப் பேசுகிறீர்களே, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்குப் போய்ப் பாருங்கள். 'ஷ்ரோஸ்பரி' என்பவர்களும் 'ஷ்ரூஸ்பரி' என்பவர்களும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம். இவர்களில் எவரைப் பின்பற்றாத வெளியாளைத் திருத்தப் போகிறீர்கள்?

பழஞ்சுவடி:
இத்தகைய பூசலைத் தீர்க்கச் சட்டமன்றமே கூடியதுண்டு. ஆர்கன்சா மாநிலத்தின் பெயர் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்த முறையில் அமைந்ததால், ஈற்றிலுள்ள 'ஸ்' ஒலிப்பதில்லை. ஆயினும் 'ஆர்கேன்சஸ்' என்று சொன்னவர்களும் இருந்தனர். அம்மாநிலத்தின் செனட்டர்கள் இருவரே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1881இல் அம்மாநிலச் சட்டமன்றம் மூன்று அசைகள், ஈற்று 'ஸ்' ஒலிக்காது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

எழுத்தெண்ணி:
அந்தத் தீர்மானம் அம்மாநில எல்லையோடு நின்றுவிடுகிறதே! அதே பெயர் கொண்ட ஆறு கேன்சஸ் மாநிலத்திலும் ஓடுகிறது. அங்குள்ள பலர் அதை இன்றும் 'ஆர்கேன்சஸ்' ஆறு என்றுதான் அழைக்கின்றனர். ஆறு ஒன்று, எழுத்து ஒன்று, உரிமை கோரும் ஊராரோ இரு தரப்பினர். உங்கள் விதி இங்கே யார் பக்கம்?

வழித்துணை:
இரு பக்கமும்தான். கேன்சஸில் நிற்கும்போது கேன்சஸ்காரர்களைப் போலவும், ஆர்கன்சாவில் நிற்கும்போது அம்மாநிலத்தாரைப் போலவும் சொல்வேன். அதில் எனக்கு எந்த இடரும் இல்லை. ஷ்ரூஸ்பரியில் மட்டும், எதிரில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை ஊர்ப்பெயரைச் சொல்லாமல் காத்திருப்பேன்.