தாத்தா வீடு குழு: காட்டுப்பன்றிக் கறியும் அதன் வாடையும்

சார்செல் அக்கா: இங்கே பிரான்சில் என்கூட வேலை செய்பவர் வேட்டைக்குப் போய்விட்டு வந்து இரண்டு கிலோ சாங்லியே கொடுத்தார். அதாவது காட்டுப்பன்றி. பொட்டலத்தைப் பிரித்ததுமே ஒரு வாடை. கெட்டுப்போய்விட்டதா, இல்லை இது இப்படித்தானா?

கோரிமேடு சித்தி: தொட்டால் வழவழ என்று இருக்கிறதா? புளித்த வாடையா? அப்படியென்றால் யோசிக்காமல் தூக்கிப் போடு.

சார்செல் அக்கா: வழவழப்பு இல்லை சித்தி. நல்ல கருஞ்சிவப்பு. ஈரல் வாசனையும் கொஞ்சம் கிடா மொச்சையும் கலந்த மாதிரி.

கடலூர் மாமா: அப்போ கறி நன்றாகவே இருக்கிறதும்மா. அது காட்டு வாடை. எல்லாவற்றையும் கவுச்சி என்று சொல்லிவிடுகிறோம். மீனின் நீச்சு வேறு, காயடிக்காத கிடாவின் மொச்சை வேறு, கெட்ட கறியின் நாற்றம் வேறு. மூக்குக்கு இது தெரிந்திருந்தால் நல்ல கறியை வீணாக்க மாட்டோம்.

சொல்தா பெரியப்பா: பிரான்சில் அதை 'கூ த ஜிபியே' என்பார்கள், வேட்டைக்கறியின் ருசி. 'ஃபெஸான்தே' என்றும் காதில் விழும், அது வேறு. காட்டுக்கோழியைக் குளிர்ந்த இடத்தில் சில நாள் தொங்கவிட்டு, பதமாகி வாடை ஏறிய பிறகு சமைப்பது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

சார்செல் அக்கா: தம்பி, நீதான் கால்நடை மருத்துவம் படிக்கிறாய். எங்கிருந்து வருகிறது இந்த வாடை?

குரும்பாப்பேட்டை தம்பி: ஈரல் வாசனைக்குக் காரணம் இரும்பு அக்கா. காட்டில் ஓடித் திரிகிற மிருகத்தின் தசையில் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதிகம், அதில்தான் இரும்பு இருக்கிறது. கருஞ்சிவப்பும் அதனால்தான்.
மொச்சை மாதிரி வருவது கொழுப்பில் இருக்கிறது. ஆண் பன்றியின் விரையில் ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற வாடைப்பொருள் சுரந்து கொழுப்பில் தங்கும். குடலில் பாக்டீரியா உண்டாக்கும் ஸ்கேட்டோல் என்ற இன்னொரு வாடைப்பொருளும் சேரும். கிடாவுக்கு வேறு கொழுப்பு அமிலங்கள், ஆனால் இடம் அதே கொழுப்புதான். பண்ணையில் ஆண் குட்டிகளுக்குக் காயடிப்பது இதற்காகவும்தான்.
இன்னொன்று, ஆண்ட்ரோஸ்டீனோன் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது, பிறவியிலேயே அப்படி. உன் வீட்டுக்காரரையும் முகரச் சொல்.

சார்செல் அக்கா: அவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம்! எனக்கு வீடு முழுக்க அடிக்கிறது.

கடலூர் மாமா: துரத்தித் துரத்திச் சுட்டதா, நின்ற இடத்தில் சுட்டதா என்று கேட்டாயா?

குரும்பாப்பேட்டை தம்பி: மாமா கேட்பது சரி. ஓடிக் களைத்தால் தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், தீர்ந்துவிடும். செத்த பிறகு தேவையான அமிலம் ஊறாது. அந்தக் கறி சீக்கிரம் கெடும்.

முத்தியால்பேட்டை அத்தை: இங்கே புதுச்சேரியிலும்தான் ரோட்டோரம் காடை என்று சொல்லி மடையான் கொக்கை உரித்து விற்கிறார்கள். மீன் வாடை அடிக்கும் என்கிறார்கள்.

கடலூர் மாமா: மீனும் தவளையும் தின்கிற பறவை, வேறெப்படி இருக்கும்? யாரும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம், வாங்கினாலும் மாட்டுவோம். முயல், கௌதாரி எல்லாம் அதே கதைதான். ஊசுட்டேரியை 2008-இல் சரணாலயமாக அறிவித்தது எதற்கு? இந்தப் பறவைகள் வந்து தங்கத்தானே. எனக்கு இதில் மனசு ஆறவே ஆறாது.

கோரிமேடு சித்தி: சரி, அவள் கறிக்கு வாருங்கள். வெள்ளையாகத் தெரிகிற கொழுப்பை ஒட்ட வெட்டி எடு. குண்டு பட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருந்தால் அதையும் தாராளமாக வெட்டிப் போட்டுவிடு. அப்புறம் பட்டை கிராம்பை அள்ளிக் கொட்டாதே. மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு போதும். வாடை முழுக்கப் போய்விட்டால் கடையில் விற்கிற பன்றியையே வாங்கியிருக்கலாமே.

சொல்தா பெரியப்பா: ராத்திரி முழுக்க சிவப்பு வைனில் கேரட், வெங்காயம், பிரிஞ்சி இலை போட்டு ஊற வை. ஜெனியேவ்ர், அதாவது ஜூனிப்பர் காய் கிடைத்தால் நாலைந்து நசுக்கிப் போடு. மறுநாள் சின்னத் தீயில் மூன்று மணி நேரம்.

குரும்பாப்பேட்டை தம்பி: அவசரப்பட்டு இறக்கிவிடாதே அக்கா. காட்டுப்பன்றியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று நம்பாதே, காட்டு மிருகங்களில் இருக்கும் சில வகை குளிரைத் தாங்கும். சோதனை செய்த கறியா என்றும் அவரிடம் கேட்டுவிடு.

சார்செல் அக்கா: சோதனை செய்த சீட்டு இருக்கிறதாம், கேட்டுவிட்டேன். கொழுப்பையும் வெட்டிவிட்டேன் சித்தி, வாடை பாதியாகக் குறைந்துவிட்டது. இப்போது வைனில் போடுகிறேன். பெரியப்பா, உப்பு இப்போதே போடலாமா, நாளைக்கா?

சொல்தா பெரியப்பா: நாளைக்கு, அடுப்பில் ஏற்றும்போது.