அருங்காட்சியகத் தளத்தின் தமிழைத் திரைவாசிப்பான் படிக்கவில்லை: உதவி தேவை

திருவாரூர் தன்னார்வலர்:

வணக்கம். எங்கள் பகுதியில் உள்ள சிறிய அருங்காட்சியகத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் அமைத்துக் கொடுத்த வலைத்தளத்தை இப்போது நான் பராமரித்து வருகிறேன். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், மாணவர்களை அழைத்து வருவதற்கு முன் தளத்தைத் திறந்தபோது, தமிழே அல்லாத ஏதோ ஒலிகள்தாம் கேட்டதாகத் தெரிவித்தார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவிச் சோதித்தேன். காசுகள் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கிறது. செப்புத் திருமேனிகள் பக்கத்தில் ஒவ்வொரு படத்திற்கும் கோப்பின் எண் மட்டுமே வருகிறது. திரையிலோ தமிழ் தெளிவாகத் தெரிகிறது. எதிலிருந்து தொடங்குவது?

கும்பகோணம் வலைப்பணி:

காசுகள் பக்கத்தின் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று பொருள். அத்தகைய பக்கத்தில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்து. அதற்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு மட்டுமே. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, சேமிப்பைத்தான் படிக்கிறது. அனைத்தையும், தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எழுத்துரு மாற்றும் மென்பொருளான மாற்றியில் போட்டவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். கொம்பையும் அதை அடுத்து வரும் ளகரத்தையும் சேர்த்து ஔகாரமாக்கிவிடும் மாற்றிகள் உண்டு; அவற்றில் 'வெள்ளி' என்பது 'வௌ்ளி' ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது, காதுக்கு உடனே தெரியும். காசுகள் பக்கத்தில் அச்சொல் எத்தனை முறை வருமோ, தேடிப் பார்த்துத் திருத்துங்கள். அதன்பின் பக்கத்தின் நிரலில் மொழிக் குறியீடு தமிழுக்கான 'டிஏ' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஆங்கிலத்தின் 'இஎன்' இருந்தால், ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

மயிலாடுதுறை வாசகர்:

நான் திரைவாசிப்பானையே நம்பிப் படிப்பவன் என்பதால் படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படத்திற்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் 'சிவன் சிலை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பெயர் படத்தின் கீழேயே இருக்கும், அதையே இருமுறை கேட்பது எரிச்சல்தான். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனை, எடுத்துக்கொள்ளுங்கள். சடை தலைப்பாகைபோல் சுற்றப்பட்டிருக்கிறது என்பதையும், ஒரு கை அருகில் காளை நிற்பதுபோல் ஊன்றிய நிலையில் மடங்கியிருக்க, காளையோ இப்போது இல்லை என்பதையும் சொன்னால்தான், பார்ப்பவர்கள் ஏன் அந்தக் கையையே பார்த்து நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியும். மாற்று உரையை இரண்டு வாக்கியங்களுக்குள் நிறுத்திக்கொண்டு, விரிவான வருணனையைப் பக்கத்தின் உரையிலேயே எழுதுங்கள். அது எல்லோருக்கும் பயன்படும். அலங்காரக் கோலங்களுக்கு மாற்று உரையை வெறுமையாக விட்டுவிடலாம்.

திருவாரூர் தன்னார்வலர்:

இருவருக்கும் நன்றி. நோட்பேடில் ஆங்கிலமே வந்தது. மாற்றும் பணியைத் தொடங்கிவிட்டேன். சந்தன நிறப் பின்னணியில் மஞ்சள் கலந்த காவி எழுத்து வைத்திருக்கிறோம். முதியவர்கள் படிக்க இயலவில்லை என்கிறார்கள். நிறத்தையும் மாற்ற வேண்டுமா?

கும்பகோணம் வலைப்பணி:

மாற்றத்தான் வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்னும் வலைத்தள அணுகல் நெறிமுறையின் இடைநிலையான ஏஏ தரப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்பதும் தேவை. சந்தன நிறத்தை வைத்துக்கொண்டு எழுத்தை அடர் பழுப்பாக்கினாலே பெரும்பாலும் போதும். இணையத்தில் உள்ள இலவசக் கணிப்பான்களில் இரு நிறங்களின் குறிகளையும் இட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படியே சுட்டியைத் தொடாமல், டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே பார்வை நேரம் பற்றிய இணைப்பு வரை சென்று பாருங்கள். எந்த இணைப்பில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் கட்டம் தெரியவில்லை என்றால், அழகுக்காக யாரோ அதை நீக்கியிருப்பார்கள். தளத்தின் தோற்றத்தை வரையறுக்கும் பாணிக் கோப்பில் (சிஎஸ்எஸ்), கட்டத்தை மறைக்கும் அந்த வரியை அழித்துவிடுங்கள்.