மூட்டுத் தேய்மான மருந்து ஆய்வில் சலைன் ஊசி போடுவது நியாயமா?

கேள்வி (உசிலம்பட்டி):
மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து பூப்பறித்தே காலம் கழித்த என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். மதுரை மருத்துவமனை ஒன்றில், மூட்டுக்குள் போடும் புதிய ஊசியைப் பற்றிய ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். பாதிப்பேருக்கு வெறும் சலைன்தான் போடப்படும் என்றும், யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது என்றும் ஒப்புதல் படிவத்தில் உள்ளது. வலியோடு வருபவருக்கு உப்புத்தண்ணீரைப் போட்டு அனுப்பலாமா?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை):
உங்கள் கோபம் புரிகிறது, தம்பி. ஆனால் இந்த வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவமனைக்குப் போகிறோம் என்பதால், எதைப் போட்டாலும் சில வாரங்களில் ஓரளவு தணியும், அந்தப் பெயரை மருந்து தட்டிக்கொண்டு போய்விடும். அது தானாகத் தணிந்ததா, மருந்தால் தணிந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பாதிப்பேருக்குச் சலைன். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 180 பேரில் ஒரு பகுதியினருக்கு முழங்காலில் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். உண்மையாகவே அறுவை சிகிச்சையில் மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு அவர்களைவிட அதிகப் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2017-இல் வந்தது இன்னும் முக்கியமானது: 140 பேருக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள், ஸ்டீராய்டு அல்லது சலைன் போட்டுப் பார்த்ததில் வலியில் வேறுபாடு தெரியவில்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சலைன் கிடைத்தவர்களே அதில் அதிர்ஷ்டசாலிகள்.

பதில் (மேலூர்):
சலைனைவிடப் பணத்தைப் பற்றி விசாரியுங்கள். எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கிளினிக்கில் ‘ஸ்டெம் செல் ஆராய்ச்சி’ என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கினார்கள். ரசீதில் ‘ஊசி’ என்று மட்டும் இருந்தது. ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டாலே எழுந்து வந்துவிடலாம். நம் நாட்டில் 2009 முதல் மருந்து ஆய்வுகளை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் சேர்ப்பது கட்டாயம் என்பதால், பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் நீங்களே பார்க்கலாம். ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளில் இருக்கிறது.

பதில் (பிசியோதெரபிஸ்ட், திருமங்கலம்):
வலியை எந்த வினாத்தாளால் அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கனடாவில் உருவான வோமாக் என்ற மூட்டுவலி வினாத்தாள் மாடிப்படி ஏறுவதைக் கேட்கும். சம்மணமிடுவதையும் குந்துவதையும் கேட்காது. மாடியே இல்லாத வீட்டில் இருப்பவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதிவு எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவைக் கையெழுத்திடச் சொல்வேன். இடையில் வலி தாங்கவில்லையென்றால் வழக்கமான மாத்திரையை எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்களா?