வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துக் கணக்குப் போட்ட அனுபவங்கள்

ஒரு பல்பு இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வண்டியில் போடும் 12 வோல்ட், 21 வாட் குண்டு பல்பு அது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து முனைகளைத் தொட்டேன். 0.7 காட்டியது. மீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 வருகிறது, அதைக் கழித்தால் பல்பின் மின்தடை 0.5 ஓம். சரி, 12 வோல்ட்டை 0.5ஆல் வகுத்தால் 24 ஆம்பியர். 12 பெருக்கல் 24, 288 வாட்! பல்பின் மேலோ 21 வாட் என்று பொறித்திருக்கிறது.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறு மீட்டரிலும் பார்த்தேன். அதே அளவு. பிறகுதான் பல்பை எரியவிட்டு, எரியும்போதே அளந்தேன். முனைகளில் 12.1 வோல்ட், ஓடும் மின்னோட்டம் 1.76 ஆம்பியர். வகுத்தால் சுமார் 6.9 ஓம், பெருக்கினால் 21.3 வாட். முதலில் கிடைத்த 0.5 ஓமும் உண்மை, இந்த 6.9 ஓமும் உண்மை. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நான் குளிர்ந்த பல்பின் ஓமை எடுத்து, எரிகிற பல்பின் வோல்ட்டோடு சேர்த்துவிட்டேன்.

~~~

உங்கள் பதிவைப் படித்ததும் என் பிளக் நினைவுக்கு வந்தது. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர், ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பிளக் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஹீட்டரில் கோளாறு இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கின் திருகு ஒயரைப் பிடிக்கும் இடத்தை ஓமில் அளந்தால் 0.3, 0.4 என்று ஆடியது. மீட்டர் ஒயரின் தடையே 0.2 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி என்ன முடிவுக்கு வருவது?

எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வேறு வழியில் போனார். ஹீட்டர் ஓடும்போது அந்த ஒரு இணைப்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்த்தார். 1.8 வோல்ட். ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்பியர். அப்படியானால் இணைப்பின் மின்தடை 0.2 ஓம்தான். ஆனால் 1.8ஐ 9ஆல் பெருக்குங்கள், 16 வாட்டுக்கு மேல் வருகிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று பிளக்குக்குள்ளேயே எரிவது போல! மின்சாரத்தை நிறுத்தி, கருகிய ஒயர் முனையை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி இறுக்கினார். சூடு போய்விட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரம் ஓடும்போது திறந்த இணைப்பில் மீட்டர் வைப்பது பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நான் தள்ளி நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

~~~

நான் கல்லூரி முதலாம் ஆண்டு. நீங்கள் எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள் அண்ணா. என்னுடையது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரே கணக்கில் மூன்று முறை தவறினேன்.

12 வோல்ட் சப்ளையில் ஒரு சிவப்பு எல்.இ.டி. அதற்கு 2 வோல்ட், 20 மில்லிஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் அதற்கு மேல் போகாமல் தடுக்க எத்தனை ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவது என்பதுதான் கணக்கு. முதலில் 12ஐ 20ஆல் வகுத்து 0.6 ஓம் என்று எழுதினேன். மில்லியை மறந்துவிட்டேன். 20 மில்லிஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர், ஆகவே 600 ஓம் என்று திருத்தினேன். அதுவும் தவறு, ஏனென்றால் 2 வோல்ட்டை எல்.இ.டி. எடுத்துக்கொள்கிறது, ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட். விடை 500 ஓம். கையில் இருந்த 470 ஓமைப் போட்டேன், 21 மில்லிஆம்பியர் ஓடியது.

மூன்றாவது தவறு வாட் கணக்கில். 12ஐ வர்க்கப்படுத்தி 470ஆல் வகுத்து 0.31 வாட் என்றேன். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே அளந்தபோது 9.9 வோல்ட்தான் இருந்தது, அதாவது 0.21 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்கும், ஆனால் தொட்டால் சுடுகிறது. அதை எடுத்துவிட்டு அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

~~~

தம்பி, இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பொருளின் மின்தடை வேண்டுமோ அதன் இரு முனைகளில் உள்ள வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும். பிளக் கதையிலும் அதுதான் நடந்திருக்கிறது.

நான் மோட்டார் வேலை பார்ப்பவன். மோட்டாரில் இந்தக் கணக்கை அப்படியே போட்டுவிடாதீர்கள். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுத்த ஒரு மோட்டார், பெருக்கினால் 690. வாட் மீட்டரில் பார்த்தால் 520தான். மாறுமின்னோட்டத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, அதனால் திறன் காரணியையும் பெருக்க வேண்டும். இங்கே அது 0.75. ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும் இந்தத் தொல்லை இல்லை.

~~~

இயற்பியல் கற்பிக்கிறேன். நாம் போடும் இந்த வோல்ட், ஆம்பியர், மின்தடைக் கணக்குக்கு அடிப்படையான விதியை ஓம் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1827இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய சோதனைகளில் அவருக்குப் பெரிய இடைஞ்சல், அன்றைய மின்கலங்களின் மின்னழுத்தம் (வோல்ட்) நிலையாக நிற்காததுதான். அதனால் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு, அதாவது இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணைப்புக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. பல்பு நண்பரே, உங்களுக்கு வெப்பநிலை மாறியதால்தான் மின்தடை மாறியது. வெவ்வேறு வோல்ட்டில் அளந்து பார்த்தீர்களா?

~~~

ஐயா, நீங்கள் கேட்டதற்காக இன்று உட்கார்ந்து அளந்தேன். 1 வோல்ட்டில் 0.45 ஆம்பியர், அதாவது 2.2 ஓம். 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், 5 ஓம். வோல்ட்டைப் பாதியாக்கினால் வாட் கால்வாசியாகும் என்று நினைத்திருந்தேன். 7.2 வாட் வந்தது, மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு அளவையும் எடுப்பதற்கு முன், இழை சூடேறி ஆம்பியர் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். அடுத்து 3 வோல்ட்டிலும் 9 வோல்ட்டிலும் அளந்து, வரைபடமாகப் போட்டு இங்கேயே இடுகிறேன்.