பாப்பா "அப்பா லாகி" என்கிறாள். மலாயை நிறுத்த வேண்டுமா?

பாப்பா அம்மா, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு இந்த மாதத்தோடு 22 மாதம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, 555 புத்தகம், அதில் ஒன்று வாங்கி அவள் பேசும் சொற்களை எழுதி வருகிறேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். நேற்று இரவு வரை 41 சொல். தமிழ் 27, மலாய் 11. மீதி 3 எந்த மொழி என்று இன்னும் பிடிபடவில்லை.

காலையில் எனக்குக் கடையில் கணக்கு வேலை. மதியம் 1 மணி வரை பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார், அவரை மாக்சிக் என்று கூப்பிடுவோம். நாலு மாதக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர். அங்கே சூசூ, கூச்சிங், லாகி. வீட்டுக்கு வந்தால் பால், பூனை, இன்னும். பால் வேண்டுமென்றால் என்னிடம் "பா" என்பாள், அவரிடம் "சூசூ" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தட்டிலிருந்த பப்பாளியைத் தள்ளிக்கொண்டே "தா மாவ், தா மாவ்" என்றாள். மாவு கேட்கிறாள் என்று அத்தை எலுமிச்சை அளவு உருண்டை கிள்ளிக் கொடுத்தார். வாங்கி வீசிவிட்டு இன்னும் பலமாக "தா மாவ்!" அடுத்த உருண்டை சுவரில் போய் ஒட்டியது. மூன்றாவது உருண்டைக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை மலாயில் பப்பாளி வேண்டாம், வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். அதுவரை அவளுக்கு முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது.

மலாயில் பல்லிக்குச் சிச்சாக் என்பார்கள், இவளுக்கு வால் இருந்தால் எல்லாம் "சிச்சா". பல்லியும் சிச்சா, வேலிமேல் வரும் குரங்கும் சிச்சா, கைபேசி சார்ஜ் போடும் ஒயரும் சிச்சா.

வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் காலை 7 மணி ஷிப்ட். செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிள் சாவியைக் காணோம். மெத்தை, சோபா, செருப்புக்குள் எல்லாம் தேடிவிட்டுக் கூட்டாளியோடு தொற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் நான் பால் டின்னால் அரிசி அளந்தபோது மூன்றாவது டின்னில் "கிளிங்" என்றது. அரிசிக்குள்ளே சாவி. பாப்பா கை தட்டினாள்.

அவர் கிளம்பும்போது கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று "அப்பா லாகி" என்பாள். அப்பா இன்னும் வேண்டும் என்கிறாள். அவள் இரண்டு சொல் சேர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். சிவப்புப் பேனாவில் எழுதினேன்.

இதைக் கேட்ட உறவுக்காரர் ஒருவர், "இப்படிக் கலந்து பேசவிட்டால் எந்த மொழியும் உருப்படியாக வராது, மாக்சிக் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்து" என்கிறார். இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. என் அம்மா தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர், சுற்றி எல்லாமே தமிழ். நான் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியில் படித்தேன், பாப்பாவையும் அங்கேதான் சேர்க்க வேண்டும். அவளுக்குத் தமிழ் நன்றாக வர வேண்டும். ஆனால் மாக்சிக்கிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்? சாவி விஷயத்தில் திட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

குளுவாங் அப்பா:

தங்கச்சி, 41 சொல்லுக்கா தூக்கம் போச்சு? எங்கள் பையன் இரண்டு வயதில் நாலு சொல்தான். நாங்களும் மொழிக் கலப்பு என்று நினைத்து ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அது தப்பு. கடைசியில் ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதித்தபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. அடிக்கடி சளி பிடித்த பிள்ளை. தண்ணிக்குள்ளிருந்து கேட்பதுபோலத்தான் அவனுக்குக் கேட்டிருக்கிறது, பாவம். வைத்தியம் பார்த்த பிறகு மளமளவென்று பேச்சு வந்தது. உங்கள் பாப்பாவுக்குக் காதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பாலர்பள்ளி டீச்சர், தெலுக் இந்தான்:

அம்மா, மாக்சிக்கை நிறுத்தாதீர்கள். உங்களிடம் "பா", அவரிடம் "சூசூ" என்கிறாளே, குழம்பிய பிள்ளை அப்படிச் செய்யுமா? யாரிடம் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்று 22 மாதத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறாள். அவளுக்குத் தேவை "இன்னும்" என்ற பொருள். அதற்குக் கைக்குக் கிடைத்த சொல் "லாகி". சின்ன வாய்க்கு அது சுலபம். இரண்டு மொழிப் பிள்ளைகள் பெரும்பாலும் கொஞ்ச காலம் இப்படிக் கலப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு பின்தங்காது. சொல் எண்ணும்போதும் இரு மொழியையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். பாலும் சூசூவும் இரண்டு சொல்.

தமிழ் வேண்டுமென்றால் மலாயைக் குறைப்பதல்ல வழி, தமிழைக் கூட்டுங்கள். ஒன்று கவனியுங்கள். மலாயில் நான் சாப்பிட்டாலும் அவன் சாப்பிட்டாலும் "மாக்கான்"தான். தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டாள் என்று வால் மாறும். அந்த வாலைப் பிள்ளை ஆயிரம் தடவை கேட்க வேண்டும். அதனால் "மம்மு?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்காமல், "பாப்பா சாப்பிட்டாளா? அப்பா வந்தாரா?" என்று முழுசாகப் பேசுங்கள். அரிசி அளக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணுங்கள். அவள் "அப்பா லாகி" என்றால் "தப்பு" என்று சொல்லாமல், "ஆமாம், அப்பா இன்னும் வேண்டுமா?" என்று திருப்பிச் சொன்னால் போதும். ஒயரைச் சிச்சா என்றால் "ஆமாம், வால் மாதிரி இருக்கிறது, இது ஒயர்" என்று சொல்லுங்கள். வாலை வைத்து ஒன்று சேர்க்கிறாள் பாருங்கள், அது நல்ல அறிவு. பழத்தை அவள் "பயம்" என்று சொன்னாலும் கவலை வேண்டாம், ழகரம் நாலைந்து வயதில்கூடப் பலருக்குத் திருந்தாது.

சாவிக்குத் திட்டாதீர்கள். சாவியை எடுத்தால் அப்பா போய்விடுகிறார் என்று பார்த்து வைத்திருக்கலாம். அவளே எடுத்துக் கொடுக்கட்டும்.

மிஸ்ஸி அக்கா (கிளினிக் நர்ஸ்):

டீச்சர் சொன்னதுதான் சரி. இரண்டு வயதுக்குள் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும் என்று பார்ப்போம், பாப்பா அதைத் தாண்டிவிட்டாள். 18 மாத ஊசிக்குப் போனபோது கிளினிக்கில் பிள்ளையின் பழக்கவழக்கம் பற்றி ஆம், இல்லை என்று நிறையக் கேள்வி கேட்டிருப்பார்களே, அந்தத் தாளில் எதுவும் குறிக்கவில்லை என்றால் நிம்மதியாக இருங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களைத் திடீரென்று விட்டுவிட்டால் மட்டும் காத்திருக்காமல் வாருங்கள்.

எனக்கு மொழியைவிட அந்த அரிசி டின்தான் பயம். மோட்டார் சாவி பரவாயில்லை. கேட் திறக்கும் ரிமோட், ஏர்கான் ரிமோட் இவற்றில் காசு மாதிரி வட்டமான பேட்டரி இருந்தால் உடனே பாருங்கள், மூடி திருகாணி போட்டு இறுகியிருக்க வேண்டும். அதை விழுங்கித் தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒளித்து விளையாட ஆரம்பித்த பிள்ளை வாயிலும் ஒளிக்கும்.

பாப்பா அம்மா, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் பதிலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மிஸ்ஸி அக்கா, கேட் ரிமோட்டின் மூடி லேசாகத் தட்டினாலே கழன்றது. கை நடுங்கிவிட்டது. இப்போது அது அலமாரியின் மேல்தட்டில், டேப் ஒட்டி இருக்கிறது.

மாக்சிக்கிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று அவரே பாப்பாவிடம் தமிழில் "வா, சாப்பிது" என்று கூப்பிட்டார். எத்தனை நாளாகக் கேட்டுப் பழகியிருக்கிறாரோ.

கதவுக்குப் பக்கத்தில் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்துச் சாவியை மாட்டினோம். இன்று காலை ஷூ போடும் சத்தம் கேட்டதுமே ஓடினாள். சாவியை எடுத்தாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கை நீட்டிக் காத்திருந்தார். ஒருவழியாகக் கொடுத்துவிட்டு, "அப்பா, லாகி வா" என்றாள்.

அதை 555-இல் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதினேன். எந்த மொழி என்று பிடிபடவில்லை என்றேனே, அந்த மூன்று சொல்லில் ஒன்று "இப்பூ". குழாயைத் திறந்தாலும் மழை பெய்தாலும் அப்படித்தான் சொல்கிறாள். யாருடைய பிள்ளையாவது இப்படிச் சொல்கிறதா?