லண்டி தீவின் பழைய விளக்கு: மலையுச்சியில் கட்டியது தவறா?

மேகலா_கடல்:
இங்கிலாந்தின் டெவன் கரைக்கு எதிரே, பிரிஸ்டல் சேனலில் இருக்கும் லண்டி தீவின் பழைய கலங்கரை விளக்கத்தை இங்கே பலரும் சாதனை என்று எழுதுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. 1819இல், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு தீவின் உச்சிமேட்டில் கருங்கல்லில் எழுப்பிய கோபுரம் அது. கோபுரம் சுமார் 29 மீட்டர்தான், ஆனால் மேட்டையும் சேர்த்தால் விளக்கு கடல்மட்டத்திலிருந்து 160 மீட்டருக்கும் மேலே. பிரிட்டனிலேயே உயரமான விளக்கு என்ற பெயர் கிடைத்தது. ஆனால் மாலுமிக்கு வெளிச்சம் தேவைப்படும் நேரமாகப் பார்த்து அது மூடுபனிக்குள் போய்விடும். 1897இல் அதை அணைத்துவிட்டு, தீவின் வடமுனையிலும் தென்முனையிலும் தாழ்வாக இரண்டு விளக்குகள் கட்டினார்கள்.

துறைமுகத்தான்:
முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எரிந்த விளக்கைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா? வானம் தெளிவாக இருக்கும் இரவையும் கணக்கில் எடுங்கள். 160 மீட்டர் உயரத்து விளக்கு, கடலின் வளைவை மட்டும் பார்த்தால், 26 கடல் மைல் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். 50 மீட்டரில் வைத்தால் அது 15 கடல் மைலுக்குள் சுருங்கிவிடும். பாய்மரக் கப்பலுக்குத் திரும்ப நேரம் வேண்டும், அதனால்தான் உச்சிக்குப் போனார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

மேகலா_கடல்:
அன்றைக்கு மூடுபனி பற்றித் தெரியாதா என்ன? இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள ஒயிட் (Wight) தீவின் செயின்ட் கேத்தரின் குன்றில் 1785இலேயே ஒரு விளக்கு கட்ட ஆரம்பித்து, அங்கே அடிக்கடி பனி மூடுகிறது என்று பாதியில் விட்டார்கள். அந்த அடித்தளம் இன்னும் கிடக்கிறது. அதற்கு 34 வருஷம் கழித்து லண்டியில் அதே தவறு. 1828இல் மார்ட்டினிக்கிலிருந்து வந்த 'ழூன் எம்மா' என்ற பிரெஞ்சுக் கப்பல் இந்த விளக்கைப் பிரான்சின் ஊஷான் தீவு விளக்கு என்று நினைத்து மோதியது. 19 பேரில் 13 பேர் செத்தார்கள்.

துறைமுகத்தான்:
அந்த விபத்துக்கு மலை மேல் பழி போடாதீர்கள். அந்தக் கோபுரத்தில் மேலே சுழலும் விளக்கு ஒன்று, கீழே நிலையான விளக்கு ஒன்று. மேல் விளக்கு இருட்டு இடைவெளியே தெரியாத அளவுக்கு வேகமாகச் சுழன்றது, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஒரே நிலையான ஒளிபோலத் தெரிந்தது. அடையாளம் குழம்பியது அந்த அமைப்பால். அப்புறம், தாழ்வான விளக்குகள் வந்தபின் என்ன ஆனது? 1906 மே மாதம் 'மான்டேகு' போர்க்கப்பல் கடும் மூடுபனியில் லண்டியின் பாறையில் ஏறியது. கரையேறிய மாலுமிகள் தாங்கள் டெவன் கரையின் ஹார்ட்லண்ட் முனையில் இருப்பதாக விளக்குக் காவலரிடமே வாதாடினார்களாம்.

பாறைமேல்_பறவை:
இரண்டு பேரும் மேற்குச் சரிவை விட்டுவிட்டீர்கள். உச்சி விளக்கு தெரியாததால் 1861இல் அங்கே மூடுபனியில் சத்தத்தால் எச்சரிக்கும் பீரங்கி நிலையம் அமைத்தார்கள், பனி இறங்கினால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெடி. ஆட்கள் குடும்பத்தோடு அந்தச் சரிவிலேயே குடியிருந்தார்கள். இடிந்த சுவர்களோடு பீரங்கிகள் இப்போதும் அங்கே கிடக்கின்றன. விளக்கு போதாததை ஈடுகட்ட எத்தனை உழைப்பு என்று பாருங்கள்.

மேகலா_கடல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். துறைமுகத்தான், மான்டேகு மோதியது கடல்மட்டத்திலேயே படிந்த பனியில், அதற்கு எந்த விளக்கும் உதவாது. லண்டியின் வழக்கமான தொல்லை வேறு: கீழே கடல் தெளிவாக இருக்கும், மேட்டின் தலையை மட்டும் மேகம் மூடியிருக்கும். அந்த இரவுகளில் 50 மீட்டரில் இருக்கும் விளக்கு தெரியும், உச்சியில் இருப்பது தெரியாது. தென்னாப்பிரிக்காவின் கேப் பாயின்ட்டிலும் இதே கதை. 238 மீட்டர் உயரத்தில் 1860இல் வைத்த விளக்கை, 1911இல் ஒரு போர்த்துகீசியக் கப்பல் உடைந்த பிறகு, 87 மீட்டருக்கு இறக்கினார்கள்.

துறைமுகத்தான்:
சரி, அந்த வேறுபாடு முக்கியமானதுதான். ஆனாலும் கட்டியதே வீண் என்பதை ஏற்கமாட்டேன். கோபுரம் இன்றும் உறுதியாக நிற்கிறது, காவலர் வீட்டில் விருந்தினர் வாடகைக்குத் தங்குகிறார்கள், கண்ணாடிக்கூண்டில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள்.

மேகலா_கடல்:
தங்கட்டும், நல்ல கட்டடம்தான். ஆனால் அறிவிப்புப் பலகையில் உயரத்தை மட்டும் எழுதாமல் 1828இன் 13 பேரையும் எழுத வேண்டும்.